தொழில் பழகும் வாலிபனும் அவனது முதல் ஆயுதமும்

சென்ற ஆயுத பூஜையன்று நண்பரொருவர் தமது மோட்டார்ப் பட்டறைக்கு நம்மை அழைத்திருந்தார். மற்ற நாட்களில் டீசலும் கிரீஸும் நாறும் அந்தக் கொட்டகை அன்று கழுவித் துடைக்கப் பெற்று, வாயிலில் வாழையும் மாவிலைத் தோரணமும் கட்டப் பெற்றிருந்தது. மேஜைமேல் ஸ்பேனர்களும் சுத்தியல்களும் குறடுகளும் வரிசையாகச் சந்தனமும் குங்குமமும் பூண்டு விளங்கின. பூஜை முடிந்து பொரிகடலை வழங்கினார்கள். கூட்டத்தின் பின்னே ஓர் ஓரமாகப் பத்தொன்பது வயது மதிக்கத்தக்க வாலிபன் ஒருவன் கைகட்டி நின்றான். ஒன்றரை ஆண்டாக அங்கே தொழில் பழகுபவன். "தம்பி, இவற்றுள் உன்னுடைய ஆயுதம் எது?" என்று வினவினோம். அவன் சிறிது வெட்கத்துடன், "என்னுடையது ஒன்றும் இல்லை, ஐயா. எல்லாம் மேஸ்திரி அண்ணனுடையது" என்றான்.

அவ்விடை சாதாரணமானதுதான். தமிழ்நாட்டில் எந்தச் சிறு பட்டறையில் எந்த வாலிபனைக் கேட்டாலும் பெரும்பாலும் இதையே சொல்லுவான். ஆயினும் வீடு திரும்பிய பின்னரும் அது நம் செவியை விட்டு அகலவில்லை. ஆயுதங்களுக்குப் பூஜை செய்யும் தேசத்தில், அவற்றைக் கொண்டு பிழைக்க வந்தவனுக்குச் சொந்தமாக ஓர் ஆயுதமேனும் இல்லை என்பது ஆலோசிக்கத் தக்க விஷயம். தொழில் பழகுபவன் எந்நாளில் தனக்கே உரிய கருவியைத் தன் கையில் பிடிக்கிறானோ அந்நாளில்தான் எடுபிடி நிலை நீங்கித் தொழிலாளியாகத் தொடங்குகிறான் என்பது நமது அபிப்பிராயம். அந்நாள் எவ்வளவு சீக்கிரம் வருகிறதோ அவ்வளவும் நல்லது. அதை வரச் செய்வது எப்படி என்பது பற்றி, பட்டறையில் சேரப்போகும் வாலிபருக்கும், அவர்தம் நலத்தில் சிரத்தையுள்ள பொதுஜன ஊழியர்க்கும் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

எடுபிடியும் தொழிலாளியும்

பட்டறையில் சேரும் பையனுக்கு முதல் வேலை துடைப்பதும் கழுவுவதுமே. பிரித்துப் போட்ட எஞ்சின் உறுப்புகளை டீசலில் ஊறவைத்துத் தேய்ப்பான். கழற்றிய போல்ட்டுகளைத் தட்டில் வரிசை மாறாமல் வைப்பான். வண்டிக்கடியில் படுத்திருக்கும் மேஸ்திரி, "பத்து பதினொன்று" என்று குரல் கொடுத்தால் அந்த ஸ்பேனரை எடுத்து நீட்டுவான். இடையிடையே டீயும் வாங்கி வருவான். இதை இழிவென்று நாம் சொல்லமாட்டோம். கழுவும்போதுதான் எந்த உறுப்பு எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்பது கண்ணில் படுகிறது. போல்ட்டின் தலையைப் பார்த்த மாத்திரத்தில் இது பன்னிரண்டு, இது பதினான்கு என்று சொல்லும் திறமை, மாதக்கணக்கில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவனுக்கே வாய்க்கும். குருவின் பக்கத்தில் நின்று பார்ப்பதும் ஒரு கல்விதான்.

ஆனால் கண் கற்பது வேறு, கை கற்பது வேறு. ஒரு மரையை எவ்வளவு முறுக்கினால் போதும், இன்னும் கால் சுற்று முறுக்கினால் அது அறுந்து போகுமா என்பதை எந்த ஆசானும் வாயினால் சொல்லிக் கொடுத்துவிட இயலாது. அது மணிக்கட்டு அறிய வேண்டிய விஷயம். பலமுறை தானே பிடித்து முறுக்கிப் பார்த்தாலன்றி அவ்வறிவு வாராது. மேஸ்திரியின் கருவியோ மேஸ்திரியின் செல்வம். அது தொலைந்தால் அவருக்கு நஷ்டம். வாய் விரிந்தால் அவருக்கு வருத்தம். ஆகவே அதைப் பையன் கையில் ஒப்படைக்க அவர் தயங்குவது இயற்கை. அவர் வேலை செய்யும் நேரத்தில் அது பையனுக்குக் கிடைப்பதில்லை. அவர் வேலை முடித்துப் போகும்போது பெட்டி பூட்டப்பட்டு விடுகிறது. இப்படியே ஆண்டுகள் இரண்டும் மூன்றும் கழிகின்றன. பையன் மீசை முளைத்த எடுபிடியாகவே இருந்து விடுகிறான்.

சில இடங்களில் இதனினும் மோசமான வழக்கம் ஒன்று உண்டு. தொலைந்த ஸ்பேனரின் விலையைப் பையனின் வாரக் காசிலிருந்து பிடித்துக் கொள்கிறார்கள். தனக்குச் சொந்தமில்லாத பொருளுக்கு அவன் விலை கொடுக்கிறான். விலை கொடுத்த பின்னும் ஒன்றும் அவனுக்குச் சொந்தமாவதில்லை. இது நியாயமா என்று பட்டறை முதலாளிகளே தம் மனச்சாட்சியைக் கேட்டுக் கொள்ளட்டும்.

பிரித்துப் பார்த்தவரின் சரித்திரம்

இவ்விஷயத்தில் கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடுவின் சரித்திரம் நமக்கு நல்லதொரு படிப்பினை. 1893-ஆம் ஆண்டு கலங்கல் கிராமத்தில் பிறந்த அவருக்குப் பள்ளிப்படிப்பில் நாட்டம் இருந்ததில்லை. வாலிப வயதில் ஓர் ஆங்கிலேய அதிகாரியின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, கோவையில் ஹோட்டல் வேலை செய்து பணம் சேர்த்து, அவ்வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் ஏறிச் சவாரி செய்வதோடு நிற்கவில்லை. அதை அக்கக்காகப் பிரித்து, மீண்டும் பூட்டி, அதன் அந்தரங்கத்தை அறிந்தார். 1920-ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பஸ்ஸுடன் தொழில் தொடங்கியவர் பின்னர் பெரியதொரு பஸ் ஸ்தாபனத்துக்கே அதிபரானார். 1937-ஆம் ஆண்டில் இந்தியாவிலே முதன்முதலாக மின்சார மோட்டார் கோவையில் உருவானபோது அதில் அவருக்குப் பெரும் பங்கு இருந்தது. 1945-ஆம் ஆண்டில் கோவையில் தொழிற்கல்வி நிலையம் தோன்றவும் அவருடைய முயற்சியும் பொருளும் உதவின.

இவரை மெக்கானிக் ஆக்கியது எது? வண்டி அவருடையது, ஆகவே அதைப் பிரிக்க அவர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. கெட்டுப்போனால் தமக்கு நஷ்டம் என்ற பயமும், சரியாகப் பூட்டிவிட்டால் தமக்கு லாபம் என்ற ஆசையும் ஒருங்கே அவர் கையைப் பழக்கின. எல்லா வாலிபராலும் மோட்டார் சைக்கிள் வாங்க இயலாது. ஆனால் ஸ்பேனர் ஒன்று வாங்க இயலும். தன்னுடையது என்ற உணர்ச்சி சிறிய கருவியிலிருந்தும் பிறக்கக் கூடியதே.

சட்டத்தின் துணை

கருவி வாங்குமுன் வாலிபன் கவனிக்க வேண்டிய காகிதம் ஒன்று உண்டு. அதுதான் தொழில் பழகுவோர் ஒப்பந்தம். 1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டம், முதலாளிக்கும் பழகுபவனுக்கும் இடையே எழுத்து மூலமான ஒப்பந்தம் இருக்க வேண்டுமென்றும், அது பதிவு செய்யப்பட வேண்டுமென்றும் விதித்தது. பயிற்சியின்போது விபத்தினால் காயம் நேர்ந்தால் முதலாளி நஷ்டஈடு தருவதற்குக் கடமைப்பட்டவர் என்றும் அச்சட்டம் கூறுகிறது. 2019-ஆம் ஆண்டின் விதித் திருத்தம், படிப்புக்குத் தக்கபடி மாதம் ரூ. 5,000 முதல் ரூ. 9,000 வரை குறைந்தபட்ச உதவித்தொகையை வகுத்தது. முப்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் ஸ்தாபனங்கள் பழகுநரைச் சேர்த்துக் கொள்வது கட்டாயம் என்றும், அதனினும் சிறியவை விரும்பினால் சேர்க்கலாம் என்றும் அதில் ஏற்பாடு செய்யப்பட்டது. உதவித்தொகையில் நான்கில் ஒரு பங்கை, மாதம் ரூ. 1,500-க்கு மேற்படாமல், மத்திய சர்க்கார் ஏற்கும் திட்டம் 2016-ஆம் ஆண்டில் தொடங்கிற்று.

இவையெல்லாம் நல்ல ஏற்பாடுகளே. ஆனால் ஒரு மேஸ்திரியும் இரண்டு பையன்களும் வேலை செய்யும் சாலையோரக் கொட்டகைக்கு இவை எட்டுவதில்லை. நமது வாலிபரில் மிகப் பலர் தொழில் கற்பதோ அத்தகைய கொட்டகைகளிலேதான். அங்கே ஒப்பந்தம் இல்லை. முடிவில் சான்றிதழும் இல்லை. பத்தாண்டு வேலை செய்தவனும் வேறோர் ஊருக்குப் போனால் தன் திறமைக்குச் சாட்சி காட்ட வகையறியாது நிற்கிறான். அவன் கையோடு கொண்டுபோகக் கூடிய சாட்சி ஒன்றே ஒன்றுதான். அது அவனுடைய கருவிப் பெட்டி. புது ஊரில், புதுப் பட்டறையில், பெட்டியைத் திறந்து வைக்கும் விதத்தைப் பார்த்தே அநுபவசாலியான முதலாளி ஆளை எடைபோட்டு விடுவார். ஆகவே சட்டம் கைகொடுக்காத இடத்தில் பெட்டி கைகொடுக்கிறது. ஏழை வாலிபனுக்கு அது அலங்காரமன்று, ஆதாரம்.

எதை முதலில் வாங்குவது?

இனி வாலிபருக்கு நேராகச் சொல்ல வேண்டியதைச் சொல்லுகிறோம். கடைக்குப் போகுமுன் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். பதினைந்து நாள் வரையில், மேஸ்திரி எந்த எண்ணை எத்தனை முறை கேட்கிறார் என்று கோடு போட்டு வாருங்கள். இரு சக்கர வண்டிப் பட்டறையாயின் எட்டு, பத்து, பன்னிரண்டு, பதினான்கு என்ற எண்களே அடிக்கடி வரக் காண்பீர்கள். லாரிப் பட்டறையாயின் பதினேழு, பத்தொன்பது, அவற்றினும் பெரியவை வரும். எது மிகுதியாகக் கேட்கப்படுகிறதோ அதுவே உங்கள் முதல் கருவி. கடைக்காரரின் பேச்சைவிட உங்கள் நோட்டுப் புத்தகம் நல்ல ஆலோசனை சொல்லும்.

ஸ்பேனரில் இரண்டு ஜாதி உண்டு. வாய் திறந்தது ஒன்று. வளையமாக மூடியது மற்றொன்று. வாய் திறந்த ஸ்பேனர் போல்ட்டுத் தலையின் இரண்டு பக்கங்களை மட்டுமே பற்றும். இறுகிப்போன போல்ட்டில் அதைப் போட்டு இழுத்தால் மூலைகள் மழுங்கிவிடும். ரிங் ஸ்பேனர் ஆறு மூலைகளையும் சுற்றிப் பிடிப்பதால் அந்த அபாயம் குறைவு. ஆகவே இறுகியதைத் தளர்த்தவும் கடைசி முறுக்குக் கொடுக்கவும் ரிங். தளர்ந்ததை விரைவாகக் கழற்ற வாய் ஸ்பேனர். ஒரு முனையில் வாயும் மறுமுனையில் வளையமும் அமைந்த ஸ்பேனர் கிடைக்கிறது. கையில் பணம் குறைந்தவர் அவ்வகையிலேயே ஒவ்வொன்றாக வாங்கலாம். வாய் ஸ்பேனரின் தலை சற்றே சாய்ந்திருப்பது ஏன் என்று பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இடுக்கான இடத்தில் சிறிது திருப்பி, எடுத்துப் புரட்டிப் போட்டு மறுபடி திருப்புவதற்காகவே அந்தப் பதினைந்து டிகிரிச் சாய்வு.

அடுத்தது ஸ்க்ரூ டிரைவர். தட்டை முனையில் இரண்டும் நட்சத்திர முனையில் இரண்டும் போதும். நட்சத்திர முனையில் ஒரு சூக்ஷ்மம் உண்டு. ஜப்பானிய வழியில் வந்த வண்டிகளின் திருகுகள், நமது கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் பிலிப்ஸ் முனைக்குப் பொருந்துவதுபோல் தோன்றும். ஆனால் முழுதும் உட்காராது. அழுத்தித் திருப்பினால் முனை நழுவித் திருகின் தலை குழிந்து போகும். அத்தகைய திருகுகள் பலவற்றின் தலையில் சிறு புள்ளி ஒன்று இருக்கும். அவற்றுக்கென உள்ள முனையை வாங்குவதே சிக்கனம். தலை குழிந்த ஒரு திருகைக் கழற்ற அரைநாள் போராடியவர்க்கு நாம் சொல்வதன் உண்மை விளங்கும்.

மூன்றாவது, உருண்டைத் தலைச் சுத்தியல் ஒன்றும், கட்டிங் பிளேயர் ஒன்றும். பிளேயர் கம்பியைப் பிடிக்கவும் வெட்டவும் உதவுவது. நட்டைக் கழற்ற அதைப் பயன்படுத்துபவன் நட்டையும் கெடுத்து, குருவின் நன்மதிப்பையும் இழப்பான். நான்காவது, பாக்ஸ் ஸ்பேனர்களும் டி ஸ்பேனரும், பிளக் ஸ்பேனரும். ஐந்தாவது, பிளக்கின் இடைவெளியையும் வால்வின் இடைவெளியையும் அளக்க உதவும் ஃபீலர் கேஜ். மெல்லிய தகடுகளின் கொத்தாகிய அது விலை குறைந்தது. ஆனால் 'சுமார்' என்ற சொல்லை மெக்கானிக்கின் அகராதியிலிருந்து நீக்குவது அதுதான்.

நூற்றுக்கு மேற்பட்ட உருப்படிகள் பளபளப்பான பெட்டியில் அடுக்கி, மலிவு விலை சொல்லி விற்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். அதைக் கண்டு மயங்க வேண்டாம். அதில் பாதி உங்களுக்கு என்றும் தேவைப்படாது. தேவைப்படும் பாதி, முதல் ஆண்டிலேயே வாய் விரிந்து போகும். மட்டமான ஸ்பேனர் போல்ட்டை மட்டும் கெடுப்பதில்லை. அது நழுவும்போது விரல் எலும்பு எஞ்சினில் மோதுகிறது. நல்ல கருவி என்பது உங்கள் விரலுக்குச் செய்யும் இன்ஷூரன்ஸ் ஆகும். குரோம் வனேடியம் எஃகில், காய்ச்சி அச்சில் அடித்துச் செய்யப்பட்டதா என்று பாருங்கள். அளவும் செய்தவர் பெயரும் தெளிவாகப் பொறிக்கப் பெற்றனவா என்று பாருங்கள். புதிய போல்ட்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே ஸ்பேனரை அதில் மாட்டிப் பாருங்கள். ஆட்டம் அதிகமாயின் வைத்துவிட்டு வாருங்கள். நல்ல கருவிக்கு அந்நிய நாட்டை எதிர்பார்க்க வேண்டியதில்லை. பஞ்சாபிலுள்ள ஜலந்தரும் லூதியானாவும், ராஜஸ்தானத்திலுள்ள நாகௌரும் கைக்கருவிகளுக்குப் பெயர் பெற்றவை. அங்கே செய்யப்படுபவை கடல் கடந்தும் விற்பனையாகின்றன.

பழைய கருவி வாங்குவதில் அவமானம் ஏதுமில்லை. நல்ல எஃகில் செய்த பழைய ஸ்பேனர், மட்டமான புதியதைவிட மேலானது. வாய் விரிந்திருக்கிறதா, விரிசல் கண்டிருக்கிறதா, உலையில் சுட்டு வளைத்திருக்கிறார்களா என்பதை மட்டும் பார்த்து வாங்குக. ஒருமுறை நெருப்பில் பழுக்கச் சுட்ட கருவி தன் பதத்தை இழந்து விட்டது என்று அறிக.

எண்ணும் அளவும்

ஸ்பேனரில் பொறித்த எண் எதைக் குறிக்கிறது என்பதைத் தொடக்கத்திலேயே தெளிவாக அறிந்து கொள்ளுதல் நலம். மில்லிமீட்டர் ஸ்பேனரில் அது போல்ட்டுத் தலையின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையிலுள்ள அகலம். போல்ட்டின் பருமன் அன்று. ஆறு மில்லிமீட்டர் போல்ட்டுக்கு வழக்கமாகப் பத்தாம் எண் ஸ்பேனர். எட்டு மில்லிமீட்டர் போல்ட்டுக்கு ஜப்பானிய வழி வண்டிகளில் பன்னிரண்டு; ஐரோப்பிய வழியில் பதின்மூன்று. இங்கிலாந்தில் ஜோஸப் விட்வொர்த் 1841-ஆம் ஆண்டில் வகுத்த மரை முறையிலோ, ஸ்பேனரில் போல்ட்டின் பருமனையே அங்குலக் கணக்கில் பொறிப்பது வழக்கமாயிருந்தது. இந்தியா 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் மெட்ரிக் அளவை ஏற்றது. ஆயினும் பழைய புல்லட்டும், பழைய அம்பாசிடரும் அங்குல மரைகளைச் சுமந்துகொண்டு நெடுங்காலம் ஓடின. அக்காலத்து மேஸ்திரிகள் இரண்டு வகை ஸ்பேனரும் வைத்துக் கொள்ள வேண்டியிருந்தது. 2014-ஆம் ஆண்டில் அம்பாசிடர் உற்பத்தி நின்ற பின்னரும், பழைய வண்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறைகளில் அங்குல ஸ்பேனருக்கு வேலை உண்டு. அங்குலப் போல்ட்டில் மில்லிமீட்டர் ஸ்பேனரை 'ஏறக்குறையப் பொருந்துகிறது' என்று மாட்டாதீர்கள். ஏறக்குறைய என்பது இத்தொழிலில் பொய்க்கு மறுபெயர்.

கருவியை வாங்குவதினும் பேணுவது பெரிது. வேலை முடிந்ததும் துடைத்து, எண்ணிப் பார்த்து, கான்வாஸ் துணியில் வரிசையாகச் சுருட்டி வையுங்கள். ஒன்று குறைந்தால் வண்டி புறப்படுமுன் தேடுங்கள். எஞ்சினுக்குள் மறந்த ஸ்பேனர் ஓர் உயிரையே வாங்கிவிடக் கூடும். உளியின் தலை காளான்போல் விரிந்தால் அரைத்துச் சமன் செய்யுங்கள். விரிந்த விளிம்பிலிருந்து தெறிக்கும் துணுக்கு கண்ணைக் குத்தும். பிடியில்லாத அரத்தை ஒருபோதும் தொடாதீர்கள். அதன் கூரிய வால் உள்ளங்கையைத் துளைத்துவிடும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் நுழையாதீர்கள். தாங்குகால் வைத்து, சக்கரத்துக்கு அணை கொடுத்த பின்னரே படுங்கள். பாட்டரியைக் கழற்றும்போது முதலில் எதிர்முனையைக் கழற்றுங்கள். இல்லையேல் நேர்முனையில் இருக்கும் ஸ்பேனர் வண்டியின் உடலைத் தொட்டமாத்திரத்தில் நெருப்புப் பொறி பறக்கும். கண்ணாடி அணிவதைக் கேலி செய்பவர் இருப்பர். கேலியைப் பொறுத்துக் கொள்ளலாம். போன கண் திரும்பி வாராது.

மாறிவரும் காலம்

இவ்வளவும் கற்றால் போதுமா என்றால், போதாது. 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பாரத் ஆறாம் படிப் புகை விதிகள் நாடெங்கும் அமலுக்கு வந்தன. அதன் பின்னர் புது மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டர் போய், கணக்கிட்டுப் பெட்ரோலைத் தெளிக்கும் மின்னணு அமைப்பு வந்தது. காதால் கேட்டு, ஸ்க்ரூ டிரைவரால் சரிசெய்த வேலையில் ஒரு பகுதியை இப்போது மீட்டரைப் பார்த்தே செய்ய வேண்டியிருக்கிறது. ஆகவே முதலாண்டு முடிவுக்குள் ஒரு மல்ட்டிமீட்டரும் பெட்டியில் சேர்தல் அவசியம்.

மின்சார வண்டிகளும் வீதிக்கு வந்துவிட்டன. மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிற உறையிட்ட கம்பிகள் உயர் அழுத்த மின்சாரத்தைச் சுமப்பவை. அவற்றைத் தொடும் வேலைக்கு 1,000 வோல்ட்டுவரை காப்பு அளிக்கும் தனிக் கருவிகளும் கையுறையும் தேவை. முறையான பயிற்சி அதனினும் தேவை. பழைய தொழிலில் பிழை செய்தவனுக்கு விரல் நசுங்கிற்று. இப்புதிய தொழிலில் பிழை செய்பவனுக்கு உயிரே போகலாம். கருவி வாங்க வசதியற்ற பையனை இவ்வேலைக்கு ஏவும் முதலாளி கொடிய பொறுப்பைத் தலையில் ஏற்றுக் கொள்ளுகிறார்.

பொதுஜன ஊழியரின் கடமை

இதுவரை வாலிபனின் கடமையைச் சொன்னோம். மற்றவருடைய கடமையையும் சொல்லாது விடுதல் தகாது.

மத்திய சர்க்கார் 2023-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் விசுவகர்மா திட்டத்தைத் தொடங்கி, கருவி வாங்க ரூ. 15,000 வரை உதவியும், ஈடில்லாத கடனும் அளிக்க முன்வந்தது. தச்சர், கொல்லர், குயவர், தையற்காரர், பூட்டுச் செய்பவர், வலை பின்னுபவர் என்று பதினெட்டுத் தொழில்கள் அதில் இடம்பெற்றன. சுத்தியலும் கருவிகளும் செய்பவருக்கும் இடமுண்டு. அக்கருவியைப் பிடித்து மோட்டாரைப் பழுது பார்ப்பவன் பெயர் மட்டும் அப்பட்டியலில் இல்லை. பரம்பரைத் தொழில்களைக் காப்பது நல்லதே. ஆனால் தந்தை உழவராகவோ கூலியாகவோ இருந்து, மகன் தன் முயற்சியால் மெக்கானிக் ஆக விரும்பினால், அவனுக்கு உதவி வேண்டாமா? பரம்பரையாகக் கருவி இல்லாதவனுக்கன்றோ முதற்கருவி வாங்கத் துணை வேண்டும்?

தமிழ்நாட்டிலோ, 71 அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களைப் புதிய இயந்திரங்களுடன் புதுப்பிக்க 2022-ஆம் ஆண்டில் டாட்டா டெக்னாலஜீஸ் கம்பெனியுடன் ஒப்பந்தம் செய்யப்பட்டது. செலவு ரூ. 2,000 கோடிக்கும் மேற்பட்டது. இதை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் நிலையத்தின் இயந்திரம் நிலையத்திலேயே இருக்கும். மோட்டார் மெக்கானிக் படிப்பை இரண்டாண்டில் முடித்து வெளிவரும் வாலிபன் கையில் சான்றிதழுடன் ஒரு கருவிச் சுருளும் கொடுத்தனுப்பினால், அச்செலவோடு ஒப்பிட அது எம்மாத்திரம்?

சர்க்காரையே எதிர்பார்த்து நாம் சும்மா இருக்கவும் வேண்டியதில்லை. 1904-ஆம் ஆண்டில் திருவல்லிக்கேணியில் ஒரு சிலர் கூடிக் கூட்டுறவுச் சங்கம் அமைத்தபோது அவர்களிடம் பெரும் பொருள் இருக்கவில்லை. ஒருவரையொருவர் நம்பும் குணமே இருந்தது. அதுபோல் லாரிப் பாடி கட்டும் நாமக்கல்லிலும், பஸ் பாடி கட்டும் கரூரிலும், பழைய வண்டிச் சாமான்கள் குவிந்து கிடக்கும் சென்னைப் புதுப்பேட்டையிலும், இன்னும் பட்டறைகள் திரண்ட எவ்வூரிலும், பத்துப் பட்டறைகளுக்கு ஒரு கருவிச் சங்கம் ஏன் அமைக்கலாகாது? மொத்தமாக வாங்கினால் விலை குறையும். வட்டியில்லாமல் மாதத் தவணையில் பையனுக்குக் கொடுக்கலாம். விலையுயர்ந்த டார்க் ரெஞ்சும், பழுதறியும் மின்னணுக் கருவியும் சங்கத்துக்குப் பொதுவாக இருக்கலாம். கடனுக்குக் கந்துவட்டிக்காரனை நாடும் துர்ப்பாக்கியத்திலிருந்து ஒரு தலைமுறையைத் தப்புவிக்க இது போதும். ஊர்தோறும் கூட்டம் போட்டுப் பேசும் நம் ஊழியர்கள் ஒரு மாலைப்பொழுதை இதற்கு ஒதுக்குவார்களாக. பழகுநர் ஒப்பந்தம் என்றொன்று உண்டென்பதையே அறியாத பையன்களுக்கு அதைப் படித்துச் சொல்வதும், பதினான்கு வயது நிரம்பாத சிறுவர் எவரேனும் பட்டறையில் இருக்கக் கண்டால் அவனைப் பள்ளிக்குத் திருப்புவதும் அவர்கள் கையிலேயே இருக்கின்றன. அத்தகைய சிறுவரை வேலைக்கு வைத்தல் 2016-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் அடியோடு தடுக்கப்பட்டதாகும்.

பட்டறை முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை. தீபாவளிக்குப் பையனுக்கு வேட்டி சட்டை எடுத்துக் கொடுக்கிறீர்கள். அது நல்ல வழக்கம். அதனோடு ஒரு பத்தாம் எண் ரிங் ஸ்பேனரையும் சேர்த்துக் கொடுங்கள். சட்டை அடுத்த தீபாவளிக்குக் கிழிந்து போகும். ஸ்பேனர் அவன் தலை நரைக்கும் வரையில் உங்கள் பெயரைச் சொல்லும். தேர்ந்த தொழிலாளியானால் பையன் தனிப் பட்டறை வைத்து நமக்குப் போட்டியாவானே என்று அஞ்சுபவர் சிலர். ஓடும் வண்டிகள் பெருகிவரும் நாட்டில் தேர்ந்த கைகளுக்கு என்றும் பஞ்சமே தவிர, மிகுதி கிடையாது. கற்றவன் உங்களிடமே தங்கினால் உங்கள் பட்டறைக்குக் கீர்த்தி. பிரிந்து சென்றால் ஊருக்கு ஒரு பட்டறை.

நாம் கண்ட அந்த வாலிபனை, பூஜை முடிந்து சில மாதங்களுக்குப் பின் மீண்டும் சந்தித்தோம். நமது நண்பரிடம் இதைப் பற்றிப் பேசியிருந்தோம். அவரும் யோசித்து, மாதம் சிறு தொகையாகப் பிடித்துக் கொள்வதென்ற ஏற்பாட்டில், ஒரு கான்வாஸ் சுருளும் ஆறு ஸ்பேனர்களும் அவனுக்கு வாங்கித் தந்திருந்தார். பையன் அவற்றின் பிடியில் நீல வர்ணம் பூசி அடையாளமிட்டிருந்தான். "நேற்று ஒரு வண்டியின் பின் பிரேக்கை நானே பிரித்துப் பூட்டினேன், ஐயா. மேஸ்திரி அண்ணன் சோதித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை" என்றான். பட்டறையில் குரு ஒன்றும் சொல்லாதிருப்பதே பெரிய பாராட்டு என்பதை நாம் அறிவோம். அடுத்த ஆயுத பூஜையில் மேஸ்திரியின் பெட்டிக்குப் பக்கத்தில் அந்தச் சிறு சுருளுக்கும் ஒரு பொட்டுச் சந்தனம் வைக்கப்படும். தமிழ்நாட்டுப் பட்டறைகளில் தொழில் பழகும் ஒவ்வொரு வாலிபனுக்கும் அந்த ஒரு பொட்டுச் சந்தனம் கிடைக்கும்படி செய்தல் நம் எல்லோருடைய கடமையாகும்.